அயர்லாந்துக்குப் புதிதாக வந்த நம்மவர்களுக்கு: அக்கம்பக்கத்தாரோடு ஒட்டிப் பழக

பிபிஎஸ் எண் (வரிக்கும் அரசு சேவைகளுக்குமான அடையாள எண்), ஐஆர்பி அட்டை (வெளிநாட்டார் குடியிருப்பு அனுமதி அட்டை), வாடகை வீடு, இதற்கெல்லாம் வழி சொல்ல இங்கே ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். வந்து ஆறு மாதம் போன பிறகுதான் அடுத்த கேள்வி எழும்: இந்த ஊர்க்காரர்களோடு எப்படி ஒட்டுவது? சிரித்த முகமாகப் பேசுவார்கள், மழையைப் பற்றிச் சொல்வார்கள். அதைத் தாண்டத் தெரியாமல் நான் இரண்டு வருடம் நின்றேன். எனக்குக் கதவு திறந்தது ஒரு சாவு வீட்டில்.

கூட வேலை பார்த்த ஒருவரின் அம்மா இறந்துபோனார். அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை. போகலாமா என்று தயங்கினேன். மற்றவர்கள் கையோடு கூட்டிப் போனார்கள். முன்னறையில் திறந்த பெட்டி. குடும்பத்தார் வரிசையாக இருக்க, வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கைகொடுத்து ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: 'சாரி ஃபார் யுவர் டிரபிள்' (உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன்). பிறகு சமையலறையில் தேநீர், சாண்ட்விச், இறந்தவரைப் பற்றிய கதைகள், நடுநடுவே சிரிப்பு. இதை 'வேக்' என்பார்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் துட்டி கேட்கப் போவது என்போமே, அதேதான். கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் சாவுக்குப் போய்விட வேண்டும் என்பது இந்த ஊரிலும் எழுதாத சட்டம்.

ஆகவே தெரிந்தவர் வீட்டில் துக்கம் என்றால் போங்கள். அடக்கம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும், தள்ளிப்போடாதீர்கள். ஆர்ஐபி டாட் ஐஇ என்ற இறப்பு அறிவிப்புத் தளத்தில் இடமும் நேரமும் இருக்கும். 'ஹவுஸ் பிரைவேட்' என்று போட்டிருந்தால் வீட்டுக்குப் போகாமல் தேவாலயத்துக்குப் போக வேண்டும். மேலே சொன்ன அந்த ஒரு வார்த்தை போதும், அழகாகப் பேச வேண்டியதில்லை. நீங்கள் வந்ததை அவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

இந்த வேக் சடங்கை உயிரோடு இருப்பவர்களுக்கும் செய்திருக்கிறார்கள் என்று கேட்டபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. பிள்ளை அமெரிக்காவுக்குக் கப்பலேறுவதற்கு முந்தின இரவு ஊரே கூடி விழித்திருக்கும். இனி அவன் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே செய்த வழியனுப்பல் அது. அதற்குப் பெயரே 'அமெரிக்கன் வேக்'.

ஏன் அப்படிப் போனார்கள்? 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அது ஒன்றுதான் சோறு. 1852 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். இன்னும் 10 லட்சம் பேர் நாட்டை விட்டுப் போனார்கள். அந்த நேரத்திலும் இங்கிருந்து தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. 1841 கணக்கெடுப்பில் இந்தத் தீவில் 81 லட்சத்துக்கும் மேல் ஜனம். இன்று வரை அந்த எண்ணிக்கையை எட்டவில்லை. தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டி வாயால் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. 1876-78-ல் நம் ஊர்களில் ஜனம் செத்து விழுந்தபோதும் துறைமுகத்திலிருந்து தானியம் போய்க்கொண்டுதான் இருந்தது. அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: உருளைக்கிழங்கை வைத்து இவர்களிடம் வேடிக்கை பேசாதீர்கள்.

டப்ளினில் கஸ்டம் ஹவுஸ் கரையில் எலும்பும் தோலுமாகக் கப்பலை நோக்கி நடக்கும் வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. முதல் மாதத்திலேயே போய்ப் பாருங்கள். கார்க் பக்கம் போனால், வெளியேறியவர்கள் கப்பலேறிய கோவ் துறைமுகத்தையும் மிடில்டன் ஊரையும் பாருங்கள். மிடில்டனில் ஒன்பது எஃகு இறகுகள் வட்டமாக நிற்கும். சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டுச் சில வருடங்களே ஆகியிருந்த அமெரிக்காவின் சாக்டா பழங்குடி மக்கள், 1847-ல் முகம் தெரியாத அயர்லாந்துக்காரர்களுக்காக 170 டாலர் திரட்டி அனுப்பினார்கள். அதற்கு நன்றி அது. 2020-ல் கொரோனாவில் அங்குள்ள நவாஹோ, ஹோப்பி பழங்குடி மக்கள் தவித்தபோது, அந்தப் பழைய கடனை நினைத்து இங்கிருந்து பணம் போனது. குடியரசுத் தலைவர் மாளிகையின் ஒரு ஜன்னலில், வெளிநாடு போனவர்களுக்காக அப்போதைய குடியரசுத் தலைவர் மேரி ராபின்சன் 1990-ல் ஏற்றிவைத்த விளக்கு இன்னும் எரிகிறது.

பஞ்சம் மொழியையும் கொண்டுபோயிற்று. ஐரிஷ் பேசிய மேற்குக் கரை ஊர்களில்தான் சாவும் வெளியேற்றமும் அதிகம். இன்று சட்டப்படி அதுதான் முதல் ஆட்சிமொழி, ஆனால் தினசரிப் பேசுபவர்கள் சிலர்தான். பள்ளியில் உங்கள் பிள்ளை அதைப் படித்தாக வேண்டும். 12 வயது வரை வெளிநாட்டில் படித்து வந்த பிள்ளைக்கு விலக்குக் கேட்கலாம். சின்னப் பிள்ளைகள் படிக்கட்டும் என்பேன். தமிழை வீட்டில் காப்பாற்றப் பாடுபடும் நாம் இன்னொரு மொழியைச் சுமை என்று சொல்லக் கூடாது. பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிக்காமல் கேட்டுச் சொல்லுங்கள். என், ஐ, ஏ, எம், எச் என்று எழுதி 'நீவ்' என்பார்கள்.

நமக்கும் இந்தத் தீவுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் தந்த கால்டுவெல், ஆன்ட்ரிம் கவுண்டியில் 1814-ல் பிறந்தவர். அடக்கமாகியிருப்பது எங்கள் இடையன்குடியில்.

ஆன்ட்ரிம் இப்போது வட அயர்லாந்தில், அதாவது யூகேயில் இருக்கிறது. எல்லையில் சோதனைச்சாவடி இல்லை என்பதற்காக பெல்ஃபாஸ்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஐஆர்பி அட்டை மட்டும் அங்கே செல்லாது, பிரிட்டன் விசா வேண்டும். இந்தப் பக்கத்தை யூகே என்று வாய்தவறியும் சொல்லாதீர்கள்.

கடைசியாக ஜிஏஏ, அதாவது அயர்லாந்தின் சொந்த விளையாட்டுகளை நடத்தும் சங்கம். 1884-ல் தர்ல்ஸ் ஊரில் தொடங்கிய இந்தச் சங்கத்தின் கிளை உங்கள் ஊரிலும் நிச்சயம் இருக்கும். ஹர்லிங் (மட்டையால் பந்தடித்து ஆடுவது), கேலிக் கால்பந்து இரண்டும் இவர்களுடையவை. 82,000 பேர் கொள்ளும் டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் ஆடும் வீரருக்குக்கூடச் சம்பளம் கிடையாது. திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடுவார். 1920 நவம்பர் 21 அன்று அதே மைதானத்தில் பிரிட்டிஷ் படை சுட்டு 14 பேர் செத்தார்கள், அதில் ஒருவர் விளையாடிக்கொண்டிருந்த டிப்பரெரி வீரர் மைக்கேல் ஹோகன். இன்று ஒரு பார்வையாளர் மாடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பிள்ளையைச் சனிக்கிழமைப் பயிற்சியில் சேருங்கள். விட்டுவிட்டுக் காரில் உட்கார்ந்திருக்காமல் இறங்கிப் போய்க் கோட்டோரம் நில்லுங்கள். கூம்பு அடுக்க, தண்ணீர் பாட்டில் நிரப்ப எப்போதும் ஆள் தேடுவார்கள். 'நான் வருகிறேன்' என்று கையைத் தூக்குங்கள்.