அடுப்பை எண்ணுங்கள்: குடியிருப்புக் கணக்கெடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குத் தன்னார்வலராக வந்த கல்லூரி மாணவர் ஒருவர், இரண்டு நாள் உட்கார்ந்து எக்செல்லில் ஏற்றிய குடும்பப் பட்டியலைக் கொண்டுவந்து காட்டினார். ஆங்காங்கே சில வரிகளுக்கு மஞ்சள் பூசியிருந்தார். "அக்கா, ஒரே கதவு எண் இரண்டு மூன்று முறை வந்திருக்கிறது. அழித்துவிடட்டுமா?" என்றார். கேட்டாரே, அதுவே பெரிது. 11 ஆண்டுகளுக்கு முன் நான் யாரையும் கேட்கவில்லை. அழித்துவிட்டேன்.

எழுத்துப்பிழை, நகல் எடுத்து வைக்காமல் கோப்பைத் தொலைப்பது, வயது எழுத வேண்டிய கட்டத்தில் கைப்பேசி எண்ணை ஏற்றுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டால் அவை தாமாகத் தீரும். பட்ட பிறகும் தீராதவற்றை மட்டும் சொல்கிறேன்.

அரசுப் பட்டியல் இருக்கிறதே என்று இருப்பது

சென்னையில் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1,202 குடிசைப்பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985-இல் மேலும் 17 சேர்ந்தன. அதற்குப் பின் நகரம் எவ்வளவு பெருத்தது என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு குடிசைப்பகுதிகளைத் தனியே எண்ணியது உண்மைதான். ஆனால் அரசு அறிவிக்காத, அங்கீகரிக்காத இடங்களில், குறைந்தது 300 பேர், அல்லது 60 முதல் 70 குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் இடத்தைத்தான் அது அந்தக் கணக்கில் சேர்த்தது. கால்வாய் ஓரத்தில் 25 குடும்பங்கள் இருந்தால், அவர்கள் குடிசையில் இருந்தாலும் அந்தக் கணக்கில் இல்லை. 1985-இல் மும்பை நடைபாதைவாசிகளை ஸ்பார்க் என்ற தொண்டு அமைப்பு எண்ணப் போனபோதும், அரசுப் பட்டியலில் அவர்கள் இல்லை. இப்படிப்பட்ட இடங்களில் சங்கத்தின் நோட்டுப் புத்தகத்தை விட்டால் வேறு சாட்சி கிடையாது. அதனால்தான் அதில் வரும் பிழை அவ்வளவு தூரம் போகிறது.

ஒரே கதவு எண்ணை இரட்டைப் பதிவு என்று அழிப்பது

ஆற்றோரத்தில் ஒரு குடியிருப்பு. அதில் கதவு எண் 14. வெளியே நின்று பார்த்தால் தகரக் கதவு ஒன்றுதான். உள்ளே போனால் இடப்பக்கம் மாமியாரின் மண்ணெண்ணெய் அடுப்பு. தார்ப்பாய்த் தடுப்புக்கு அப்பால் மூத்த மருமகளின் அடுப்பு. சுவரில் சாய்த்திருந்த மர ஏணியில் ஏறினால், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, நிமிர்ந்து நிற்க முடியாத பரணில் இளைய மகன், மனைவி, கைக்குழந்தை, ஒரு கேஸ் சிலிண்டர். களத்துக்குப் போன பெண் ஒழுங்காக மூன்று வரிகள் எழுதியிருந்தார். மூன்றிலும் எண் 14.

நான் அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, கதவு எண் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, இரட்டைப் பதிவுகளை நீக்கும் பொத்தானை அழுத்தினேன். எக்செல் முதல் வரியை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தூக்கிவிடும். எத்தனை வரிகள் போயின, எத்தனை மிஞ்சின என்று ஒரு சின்னப் பெட்டியில் சொல்லும். யார் போனார்கள் என்று சொல்லாது. பட்டியல் சுத்தமாகிவிட்டது என்று பெருமையாக இருந்தது. அச்செடுத்து, சங்கத்தின் முத்திரை குத்தி, அரசுச் சரிபார்ப்புக்குக் கொடுத்தோம்.

குடியிருப்பை அகற்றி மாற்றுவீடு ஒதுக்கும் நாளில் கதவு எண் 14-க்கு ஒரே ஒரு டோக்கன் வந்தது. மாமியார் அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மருமகள்களையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மேசைக்குப் போய்ச் சண்டை போட்டேன். அங்கிருந்த அதிகாரி எங்கள் பட்டியலையே திருப்பி என் முன்னால் வைத்தார். "உங்கள் சங்கமே ஒரு குடும்பம் என்றுதானே எழுதிக் கொடுத்திருக்கிறது?" வாயடைத்துப் போனேன். மனு மேல் மனு போட்டு மூத்த மகனுக்கு வீடு வாங்க இரண்டு ஆண்டுகள் ஆயின. இளையவருக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. இப்போது வாடகைக்கு இருக்கிறார். எங்கேயாவது எதிர்ப்பட்டால் அவர் சிரித்துப் பேசுகிறார். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

இத்தனைக்கும் விடை மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இருக்கிறது. அது வீட்டை வேறாகவும் குடும்பத்தை வேறாகவும் எண்ணுகிறது. ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். ஆகவே கதவு எண் ஒரு கட்டம், அடுப்பு எண் இன்னொரு கட்டம். களத்திலேயே 14அ, 14ஆ, 14இ என்று எழுதிவிடுங்கள். சந்தேகமான வரியை அழிக்காமல், பக்கத்தில் "பார்க்க வேண்டும்" என்று குறித்து, ஆளை அனுப்புங்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். "இங்கே எத்தனை குடும்பம்?" என்றால், கூட்டுக்குடும்பம் உடையாத கௌரவத்தில் "ஒரே குடும்பம்தான்" என்பார்கள். "இன்று எத்தனை இடத்தில் உலை வைத்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.

பெயரை வைத்து இரட்டையைக் கண்டுபிடிக்கலாமே என்பவர்களுக்கு: ஒரே செல்வி குடும்ப அட்டையில் கணவரின் முன்னெழுத்தோடும், வாக்காளர் அட்டையில் தந்தையின் முன்னெழுத்தோடும் இருப்பார். ஓர் இடத்தில் "சு. செல்வி", இன்னோர் இடத்தில் "எஸ். செல்வி". பக்கத்து வீட்டிலும் ஒரு செல்வி இருப்பார்.

பகல் 11 மணிக்குப் போவது

வீட்டுவேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போனவர்களின் கதவு பூட்டியிருக்கும். அதைக் "காலி" என்று எழுதிவிட்டு வருவார்கள். பூட்டிய வீடு வேறு, காலி வீடு வேறு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் போங்கள்.

முதல் கேள்வியே "வாடகையா, சொந்தமா?"

புறம்போக்கு நிலத்தில் இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் முதல் நாளில் வராது. வாடகை வாங்குகிறவர் பக்கத்தில் நிற்கும்போது எந்த நாளும் வராது.

கைப்பேசி காட்டும் இடத்தை நம்புவது

பத்தடி அகல வீடுகள் இருக்கும் சந்தில் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும். எங்கள் முதல் வரைபடத்தில் ஏழு குடும்பங்கள் கூவத்துக்கு நடுவே குடியிருந்தன. சார்ட் அட்டையில் சந்தை வரையச் சொல்லி அங்குள்ள பெண்களிடமே கொடுங்கள்.

கதவில் பெயிண்டால் எண் எழுதுவது

இடிக்கப் போகிறார்கள் என்று இரவோடு இரவாகப் பேச்சு பரவும். சாக்பீஸ் போதும்.

ஆதார் நகல் சேர்ப்பது

வேண்டாம்.

தேதி போடாத பட்டியல்

எந்த நாள் வரை குடியிருந்தவர்களுக்கு உரிமை என்பதில்தான் பின்னால் வழக்கே வரும். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடுங்கள்.

40 வீட்டுக்குச் சதவீதம் போடுவது

"75 சதவீதம்" என்பதைவிட "30 வீடு" என்பது கேட்பவருக்கு உறைக்கும்.

பட்டியலைப் படித்துக் காட்டாமல் முடிப்பது

அச்செடுத்து ஒட்டினால் போதாது. வாசிக்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். கோயில் திண்ணையில் உட்கார்ந்து, விளக்கு வைத்த பிறகு, ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படிக்க வேண்டும். ஆதார் எண், வருமானம் எதுவும் வேண்டாம். கதவு எண், அடுப்பு எண், குடும்பத் தலைவர் பெயர் போதும்.

அந்த மாணவரையே போன வாரம் படிக்கச் சொன்னேன். 9அ, 9ஆ, 9இ என்று படித்துவிட்டு 10-க்குத் தாவினார். பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி கையைத் தூக்கினார். "ஒன்பதில் கொல்லைப்பக்கம் ஒருத்தி தனியாகப் பொங்கித் தின்கிறாளே, அவள் எங்கே?" மாணவர் என்னைப் பார்த்தார். நான் பேனாவை நீட்டினேன். 9ஈ.