கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு முன் நிபுணர் அறிக்கையைப் படிப்பது எப்படி?

கடலூர் உப்பனாற்றுப் பக்கம் புதிய இரசாயன ஆலை வருகிறதென்றால், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ்க் கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டா என்பதை முதலில் விசாரியுங்கள். ஏற்கெனவே அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் அமையும் ஆலைக்கு விலக்குக் கிடைப்பதுண்டு. கூட்டம் உண்டெனில், மக்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தரப்பட வேண்டும். ஆலையால் சுற்றுச்சூழலுக்கு வரக்கூடிய பாதிப்பை நிபுணர்கள் மதிப்பிட்டு எழுதிய வரைவு அறிக்கையை ஆட்சியர் அலுவலகத்தில் பார்க்கலாம்.

அவ்வறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அதில் முடிவுகள் இருக்கும், அவற்றை எட்டிய வழி பெரும்பாலும் இருக்காது. காற்று, நீர் மாதிரிகள் எந்த மாதங்களில், எந்த இடங்களில் எடுக்கப்பட்டன என்று முழு அறிக்கையில் தேடுங்கள். பல திட்டங்களுக்கு மழைக்காலம் தவிர்த்த ஒரே பருவத்தின் தரவே கேட்கப்படுகிறது. ஆனால் கடலூரின் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் கரையைக் கடந்ததும், 2015 நவம்பரில் வெள்ளம் சூழ்ந்ததும் அப்பருவத்திலேதான். கோடையில் அளந்த ஆற்றுநீரைக் கொண்டு வெள்ளக்காலக் கழிவுநீரின் போக்கை எவ்வாறு கணித்தார்கள் என்று கேட்பது, வெறும் எதிர்ப்பைவிட வலுவான கேள்வி என்பது என் கருத்து.

அக்கேள்வியை எழுத்திலும் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பு தமிழில் வாசிக்கப்படும்போது, உங்கள் கேள்வி அதில் இருக்கிறதா என்று கவனியுங்கள். கூட்டத்துக்குப் பின் திட்டத்தைப் பரிசீலிக்கும் நிபுணர் மதிப்பீட்டுக் குழு பரிந்துரை மட்டுமே செய்யும். அனுமதி வழங்குவது அரசின் உரிய ஆணையமே.