நிறுத்தி வைத்த மின்சார காரில் சார்ஜ் குறைகிறதா? பார்க்கிங்கிலும் அப்டேட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு எட்டு மணிக்கு 72% காட்டிய கார் காலை எட்டு மணிக்கு 66% காட்டுகிறது. நடுவில் யாரும் ஓட்டவில்லை. உடனே பேட்டரி போய்விட்டது என்று பயந்துவிடுகிறோம். பெரும்பாலும் பேட்டரியில் எந்தக் கோளாறும் இருக்காது. லித்தியம் அயான் செல்கள் தாமாக இழப்பது மாதத்துக்கு ஓரிரு சதவீதம்தான். ஒரே இரவில் ஆறு சதவீதம் போயிருந்தால் காரின் கம்ப்யூட்டர் இரவு முழுக்க விழித்திருந்திருக்கிறது என்று பொருள்.

டெஸ்லாவை வைத்தே இதைப் பார்ப்போம். நிறுத்தி வைத்த நேரத்தில் எது எவ்வளவு மின்சாரம் எடுத்தது என்பதை அந்தக் கார் திரையிலேயே பிரித்துக் காட்டிவிடும். மற்ற கம்பெனி கார்களில் மெனுவின் பெயர்தான் மாறும்; அடிப்படை ஒன்றுதான்.

டெஸ்லா கார் விழித்திருக்கும்போது சும்மா நின்றாலே சுமார் 200 முதல் 300 வாட் வரை எடுக்கும். 250 வாட் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 6 யூனிட். 60 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரியில் அது பத்து சதவீதம். கார் தூங்கிவிட்டால் இந்தச் செலவு மிகக் குறைந்துவிடும். நாளொன்றுக்குச் சுமார் 1% குறைவது இயல்பு என்று டெஸ்லாவின் கையேடே சொல்கிறது. ஆகவே தேட வேண்டியது, காரைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது எது என்பதை.

சென்ட்ரி மோடை எல்லா இடத்திலும் ஓடவிடுவது

முதல் சந்தேகம் எப்போதும் இதன் மேல்தான் விழ வேண்டும். சென்ட்ரி மோட் கேமராக்கள் வழியாகச் சுற்றுப்புறத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. அதற்குக் கம்ப்யூட்டர் முழுதாக விழித்திருந்தாக வேண்டும். மேலே சொன்ன பத்து சதவீதக் கணக்கு கிட்டத்தட்ட இதன் கணக்குதான். 80 சதவீதத்தோடு விமான நிலையத்தில் விட்டுவிட்டு ஐந்து நாள் ஊருக்குப் போனால், திரும்பும்போது 30% இருக்கும். சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் சென்ட்ரி தானே அணைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அந்த 20 சதவீதத்தை வைத்து வீடு போய்ச் சேர முடியுமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டிய கேட்டுக்குள், வாட்ச்மேன் இருக்கும் வளாகத்தில் நிற்கும் காருக்கு இது தேவையில்லை. கன்ட்ரோல்ஸ் மெனுவில் சேஃப்டி பகுதிக்குள் சென்ட்ரி மோட் இருக்கும். அதன் கீழேயே வீடு, அலுவலகம், பிடித்த இடங்கள் ஆகியவற்றுக்கு விலக்கு தரலாம். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். விலக்கைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள், ஆனால் நேவிகேஷனில் வீட்டு முகவரியைச் சேமிப்பதே இல்லை. முகவரி இல்லாவிட்டால் வீடு எது என்று காருக்கு எப்படித் தெரியும்? வரைபடத்தில் வீட்டுக்குறி நீங்கள் நிறுத்தும் இடத்திலேயே விழுகிறதா, அடுத்த தெருவில் விழுகிறதா என்றும் பாருங்கள். காரை நிறுத்தியதும் திரையின் மேல்பக்கம் உள்ள சென்ட்ரி குறி சிவப்பாக இருந்தால், அது ஓடிக்கொண்டிருக்கிறது.

வெயிலுக்காகப் போட்ட ஏசியை மறந்துவிடுவது

கேபின் ஓவர்ஹீட் ப்ரொடெக்‌ஷன் என்ற வசதி, நீங்கள் இறங்கிய பிறகும் பன்னிரண்டு மணி நேரம் வரை உட்புறம் அதிகம் சூடாகாமல் பார்த்துக்கொள்ளும். அல்லது சார்ஜ் 20 சதவீதத்துக்கு இறங்கும்வரை. சித்திரை வெயிலில் திறந்தவெளியில் நாள் முழுக்க நிற்கும் காரில் இது ஏசியோடு ஓடினால் செலவு கணிசமாகும். இதில் ஏசி இல்லாமல் ஃபேன் மட்டும் ஓடும்படியும் வைக்கலாம்; தினசரி பார்க்கிங்குக்கு அதுவே போதும். முன்கண்ணாடிக்கு ஒரு சன்ஷேடும் போட்டுவிடுங்கள். உட்கார்ந்ததும் குளுகுளுவென்று இருக்க வேண்டுமென்றால், கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஆப்பில் ஏசியைப் போடுவதுதான் சிக்கனம்.

இந்த வசதியை நம்பிக் குழந்தையையோ நாயையோ காருக்குள் விட்டுப் போகாதீர்கள். அது எந்த நேரத்திலும் நின்றுபோகலாம்.

ஆப்பைத் திறந்து திறந்து பார்ப்பது

சார்ஜ் குறைகிறதே என்று கவலைப்பட்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆப்பைத் திறப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் கார் எழுந்து பதில் சொல்கிறது; மீண்டும் தூங்கக் கால் மணி நேரம் போல ஆகிறது. அதற்குள் அடுத்த முறை திறந்தாயிற்று. கவலையே செலவை உண்டாக்கிவிடுகிறது.

பயணக் கணக்கும் சார்ஜ் வரலாறும் காட்டும் வெளியார் ஆப்களும் இதே வேலையைச் செய்யலாம். நன்றாக எழுதப்பட்டவை கார் தூங்குவதற்கு இடம் விடும். மற்றவை விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். எப்போதோ சும்மா முயன்று பார்த்துவிட்டு போனிலிருந்து அழித்த ஆப்புக்கு உங்கள் கணக்கில் அனுமதி இன்னும் இருக்கும். போனில் நீக்கினால் போதாது. டெஸ்லா கணக்கில் நுழைந்து, வெளியார் ஆப்களுக்கான பட்டியலில் அனுமதியை ரத்து செய்ய வேண்டும்.

தினமும் காலை எட்டு மணிக்குக் காரைத் தயார் செய்யும்படி அட்டவணை போட்டிருந்தால், ஊருக்குப் போகும்போது அதையும் நிறுத்திவிட்டுப் போங்கள். யாரும் ஏறாத காரில் ஏசி தினமும் ஓடிக்கொண்டிருக்கும்.

கிளம்பும் நேரத்தில் அப்டேட் போடுவது

அப்டேட் ஏறிக்கொண்டிருக்கும்போது காரை ஓட்ட முடியாது. திரையில் அரை மணி நேரம் என்று சொன்னாலும் கூடுதலாகவும் ஆகலாம். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் அது நின்று, அப்டேட் முடிந்த பிறகுதான் மறுபடி தொடங்கும். ஆகவே நெடுஞ்சாலை சார்ஜிங் நிலையத்தில், பின்னால் இரண்டு கார் காத்திருக்கும்போது இன்ஸ்டால் பட்டனை அழுத்தாதீர்கள். வீட்டில் இரவு இரண்டு மணிக்கு என்று நேரம் குறித்துவிடுங்கள். அதற்குள் சார்ஜ் வேலையும் முடியும்படி பார்த்துக்கொண்டால் இரண்டும் மோதாது.

பேஸ்மென்ட்டில் வைஃபை ஒரு கோடு மட்டும் காட்டினால் டவுன்லோட் விட்டுவிட்டு நடக்கும். போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு அரை மணி நேரம் விட்டுவைத்தால் தீர்ந்தது. இன்னொன்று: திரை உறைந்தால் ஸ்டீயரிங்கில் உள்ள இரண்டு உருளைகளையும் சேர்த்து அழுத்தி ரீபூட் செய்வது நல்ல வைத்தியம்தான், ஆனால் அப்டேட் நடுவில் கூடவே கூடாது. பாதி எழுதிய நிலையில் நிறுத்தினால், சில நேரம் சர்வீஸ் ஆள் வந்துதான் மீட்க வேண்டியிருக்கும்.

ஏற்றிய அப்டேட்டைத் திரும்பப் பெற முடியாது. பழைய வெர்ஷன் வேண்டுமென்று கேட்டாலும் டெஸ்லா போட்டுத் தராது. பெரிய வெர்ஷன் வந்ததும் ஒரு வாரம் பொறுத்துப் போடுவதில் தவறே இல்லை. 2023 நவம்பரில் ரிவியன் என்ற அமெரிக்க மின்சார கார் நிறுவனம் 2023.42 என்ற அப்டேட்டில் தவறான பாதுகாப்புச் சான்றிதழ்கள் கொண்ட பதிப்பை அனுப்பிவிட்டது. அதை ஏற்றிய அமெரிக்க கார்களில் திரைகள் செயலிழந்தன. கார் ஓடியது, ஆனால் வேகம் காட்டும் திரைகூட இருட்டாகிவிட்டது. அவசரப்படாதவர்கள் தப்பித்தார்கள்.

ஆனால் ரீகால் அப்டேட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 2024-ல் ஹூண்டாய் இந்தியாவில் 1,744 அயானிக் 5 கார்களையும், கியா 1,138 இவி6 கார்களையும் திரும்ப அழைத்தன. ஐசிசியு என்ற சார்ஜிங் கட்டுப்பாட்டுப் பகுதியில் கோளாறு வந்தால், கதவுப் பூட்டு, திரை போன்றவற்றை ஓட்டும் சின்ன 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் போகாது. அது தீர்ந்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்தி குறையவும் கூடும். உங்கள் சேஸிஸ் எண்ணைச் சொல்லி, இந்த ரீகால் வேலை முடிந்ததா என்று டீலரிடம் கேட்டுவிடுங்கள்.

சின்ன பேட்டரியைக் கவனிக்காமல் விடுவது

கதவுப் பூட்டு, திரை, கம்ப்யூட்டர் எல்லாம் ஓடுவது மேலே சொன்ன சின்ன பேட்டரியில்தான். 2021-க்கு முந்தைய டெஸ்லாக்களிலும், இன்றும் பல கம்பெனி கார்களிலும் அது பழைய ஈய அமில பேட்டரிதான். அது தளர்ந்துவிட்டால், அதை நிரப்புவதற்காகப் பெரிய பேட்டரி அடிக்கடி எழ வேண்டியிருக்கும். அதுவும் ஒரு ஓட்டைதான். கார் ஓய்ந்து சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் நல்ல நிலை. 12.2 என்றால் பாதி காலி. தொடர்ந்து 12-க்குக் கீழே நின்றால் மாற்ற வேண்டியதுதான்.

வெளியில் பொருத்திய டேஷ்கேமின் பார்க்கிங் மோட் 0.3 ஆம்பியர் எடுத்தால் நாளைக்கு 7 ஆம்பியர் மணிக்கு மேல். 45 ஆம்பியர் மணி பேட்டரியில் மூன்றே நாளில் பாதி போய்விடும். கேமரா தானே அணைந்துகொள்ளும் கட் ஆஃப் மின்னழுத்தத்தை 12.2-க்கு மேல் வையுங்கள். ஓபிடி போர்ட்டில் (காரின் கோளாறுகளைப் படிக்கும் இணைப்பில்) செருகிய டாங்கிள் என்ற சின்னக் கருவியைக் கழற்றிவிடுங்கள்.

அப்டேட் முடிந்த மறுநாளே அளப்பது

அப்டேட் ஏறிய அன்று கார் கூடுதல் நேரம் விழித்திருக்கும். அன்றைய அளவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். முதலில் சென்ட்ரி, ஓவர்ஹீட், அட்டவணை ஆகியவை நீங்கள் விட்ட இடத்திலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு நாள் விட்டு, இரவில் சதவீதத்தைக் குறித்துக்கொண்டு, காலை வரை ஆப்பைத் தொடாமல் இருங்கள். காலையில் கார் திரையில் உள்ள எனர்ஜி ஆப்பில் பார்க் என்ற பகுதியைத் திறந்தால் எது எவ்வளவு எடுத்தது என்று வரிசையாகக் காட்டும். குளிர்ப் பிரதேசத்தில் பேட்டரிக் குறியின் ஒரு பகுதி நீலமாகி, பனித்துகள் குறியும் தெரிந்தால் அது இழப்பல்ல. பேட்டரி சூடானதும் திரும்பக் கிடைக்கும். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் தொடர்ந்து மூன்று இரவு, இரவுக்கு இரண்டு மூன்று சதவீதம் குறைந்தால், அந்தத் திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டு சர்வீஸுக்கு நேரம் கேளுங்கள். படமும் தேதியும் கையில் இருந்தால் அவர்கள் காரின் பதிவேட்டில் (log) அந்த இரவுகளை நேராகத் தேடிப் பார்க்க முடியும்.