பாலாற்று மணலை வைத்துத் தங்கம் அரிக்கப் பழகுவது எப்படி?

ஆஸ்திரேலியாவில் யாரோ ஒருவர் ஓடைக்குள் முட்டிபோட்டுத் தட்டைச் சுழற்றி, கடைசியில் விரல் நுனியில் ஒரு தங்கக் கட்டியைத் தூக்கிக் காட்டும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். பார்த்த வேலூர்க்காரர் அடுத்து கேட்பது, "நம்ம பாலாற்றில் கிடைக்காதா?" என்பதுதான். கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. நந்தி மலையில் பிறக்கும் பாலாறு, கோலார் தங்கவயலுக்குப் பக்கத்தில் இருக்கும் பேத்தமங்கலம் வழியாகத்தான் வருகிறது. அப்புறம் ஆந்திராவைத் தொட்டுவிட்டு, வாணியம்பாடிக்கு மேலே புல்லூரில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலூர் பக்கம் தங்கக் கட்டி கிடைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், தங்கத்தின் அடர்த்தி 19.3, சாதாரண வெள்ளை மணலின் அடர்த்தி 2.65. அவ்வளவு கனமான பொருள் தண்ணீரோடு வெகுதூரம் வராது. கட்டியாக இருப்பது, அது உடைந்து வந்த தாய்ப்பாறைக்குப் பக்கத்திலேயே விழுந்து தங்கிவிடும். நூறு கிலோமீட்டர் தாண்டி, வழியிலுள்ள ஏரி, தடுப்பணை எல்லாவற்றையும் கடந்து ஏதாவது வந்தாலும் கண்ணுக்குத் தெரியாத தூளாகத்தான் வரும். 1802இல் எல்லை அளக்க வந்த லெப்டினென்ட் ஜான் வாரன், இப்போதைய தங்கவயல் பகுதியில் உள்ள ஊரிகம், மாரிக்குப்பம் பக்கத்து ஜனங்கள் மண்ணைக் கழுவித் தங்கம் எடுப்பதைப் பார்த்தார். அவர்களும் பாறைக்கு அருகிலிருந்த மண்ணைத்தான் கழுவினார்கள். நிறையத் தங்கத்தை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஸ்ரீபுரம் கோயிலுக்குப் போய்விடலாம், பஸ் வசதி இருக்கிறது.

அப்படியானால் எதற்கு இந்தப் பதிவு? அரிப்பது ஒரு கைவேலை. அதை வீட்டுப் பின்கட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். கை பழகாமல் தங்கம் உள்ள ஓடைக்குப் போனாலும் இருப்பதையும் சேர்த்துத் தண்ணீரோடு ஊற்றிவிட்டுத்தான் வருவீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆற்று மணலை அனுமதியில்லாமல் அள்ளுவது குற்றம். தங்கம் தேடவும் 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பொழுதுபோக்காகத் தேடுபவர்களுக்கு 'மைனர்ஸ் ரைட்' என்று சிறு கட்டணத்தில் ஒரு சீட்டு தருகிறார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு மண்வெட்டியோடு பாலாற்றில் இறங்கினால், மணல் திருட வந்தவர் என்றுதான் ஊர்க்காரர்கள் நினைப்பார்கள். அந்த ஆறு மணலால் பட்ட பாடு அப்படி. ஆகவே பயிற்சிக்குத் தெரிந்தவர் யாராவது வீடு கட்டினால், அங்கே விலை கொடுத்து இறக்கிய ஆற்று மணலில் அரை வாளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எம்-சாண்ட் வேண்டாம். அது பாறையை உடைத்த தூள், ஆற்று நீர் தரம் பிரித்த மணல் இல்லை.

என்னென்ன வேண்டும்?

உள்பக்கம் வரிவரியாகப் பள்ளம் உள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்று. 'கோல்ட் பேன்' என்று தேடினால் ஆன்லைனில் கிடைக்கும், 14 அங்குலம் போதும். பச்சை அல்லது நீல நிறம் வாங்குங்கள், மஞ்சள் துகளும் கருமணலும் அதில் பளிச்சென்று தெரியும். தட்டு வரும்வரை பாட்டி காலத்து அரிக்கஞ்சட்டி இருந்தால் அதில் பழகலாம். அரிசியில் கல் அரிக்கும் அதே அசைவுதான் இது. அங்கே மேலே வரும் அரிசி வேண்டும், இங்கே அடியில் நிற்கும் கல் வேண்டும். ஆனால் மண்சட்டியின் சொரசொரப்பில் நுண்துகள்கள் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பழகுவதற்கு மட்டும்தான் அது உதவும்.

கூடவே ஒரு பெரிய டப், மணல் சலிக்கும் சல்லடை, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், மூடி போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பி, பாத்திரம் கழுவும் திரவம்.

இன்னொன்று முக்கியம். மீன்பிடிச் சாமான் கடையில் வலைக்குப் போடும் ஈயக்குண்டு வாங்கி, சுத்தியால் தட்டித் தகடாக்கி, கத்தரியால் கடுகளவு பத்துத் துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஈயத்தின் அடர்த்தி 11.3. ஈயத்தையே தவறவிடாத கை, அதைவிடக் கனமான தங்கத்தை விடாது. தொட்ட பிறகு கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது.

அரிக்கும் முறை

தட்டைச் சோப்பால் தேய்த்துக் கழுவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மெல்லிய தங்கத்துகள் அடியில் போகாமல் நீர்ப்பரப்பில் மிதந்து ஓடிவிடும். டப்பில் நீர் நிரப்பி, அதிலும் திரவத்தில் ஒரு சொட்டு விடுங்கள்.

மணலைச் சலித்து, கூழாங்கல்லை நீக்கி, தட்டில் முக்கால் அளவுக்குப் போடுங்கள். ஈயத் துண்டுகளை எண்ணிப் போட்டுக் கலந்துவிடுங்கள். தட்டை முழுவதும் தண்ணீருக்குள் அமுக்கி, கையால் பிசைந்து களிமண் உருண்டைகளைக் கரையுங்கள். கரையாத உருண்டை உருண்டு போகும்போது துகளையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

இப்போது தட்டைச் சமமாகப் பிடித்து, நீருக்குள்ளேயே இடமும் வலமுமாக வேகமாக ஆட்டுங்கள். அரை நிமிடமாவது ஆட்ட வேண்டும். வேலையில் முக்கால்வாசி இதுதான், ஆனால் புதியவர்கள் இதைத்தான் அவசரமாக முடித்துவிடுகிறார்கள். மணல் கூழ்போல் தளர்ந்து ஆடும்போதுதான் கனமானது துகளிடுக்குகள் வழியாக அடிக்கு இறங்கும். இறங்குவதற்கு முன்பே சாய்த்தால் எல்லாம் கலந்தே வெளியேறும்.

அடுத்து, வரிப்பள்ளங்கள் உள்ள விளிம்பு உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி தட்டை முன்னால் லேசாகச் சாயுங்கள். நீருக்குள் முக்கி, மெதுவாகத் தூக்குங்கள். வடியும் தண்ணீர் மேலடுக்கு மணலை மட்டும் கொண்டுபோக வேண்டும். நான்கைந்து முறை முக்கியெடுத்ததும் நிறுத்தி, மறுபடி சமமாக்கி ஆட்டுங்கள். பிறகு மறுபடி சாயுங்கள். இந்தச் சுற்று திரும்பத் திரும்ப நடக்கும், பொறுமை வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து "என்ன சார் தேடுறீங்க?" என்று கேட்பார். அதற்கும் பொறுமை வேண்டும்.

வெள்ளை மணல் குறையக் குறைய அடியில் கறுப்பு தலைகாட்டும். அதுதான் கருமணல். பெரும்பாலும் மேக்னடைட், இல்மனைட் போன்ற இரும்புக் கனிமங்கள், அடர்த்தி ஐந்துக்கு அக்கம்பக்கம். சிவப்பாக மின்னும் பொடிகள் கார்னெட்டாக இருக்கலாம். இரண்டு ஸ்பூன் அளவு மிஞ்சியதும் முக்குவதை நிறுத்துங்கள். கொஞ்சம் தண்ணீர் மட்டும் விட்டு, தட்டை மெல்லச் சுற்றுங்கள். கறுப்பு, வால்போல் நீண்டு பரவும். அந்த வாலின் ஆரம்பத்தில், நகராமல் பின்தங்கி நிற்பவைதான் உங்கள் ஈயத் துண்டுகள். எண்ணிப் பாருங்கள். பத்தில் ஐந்து வந்தால் ஆட்டியது போதவில்லை. தொடர்ந்து ஒன்பது, பத்து வர ஆரம்பித்தால் கை தேறிவிட்டது.

கருமணலைக் காயவைத்து, காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மேலே காட்டினால் மேக்னடைட் ஏறிக்கொள்ளும். கவரைக் கழற்றினால் தானாக உதிரும். ஏறாமல் மிஞ்சுவதைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

மின்னுவதெல்லாம்...

நம் ஊர் மணலில் உங்களை ஏமாற்றப்போவது காக்காப்பொன், அதாவது மைக்கா. வெயிலில் தங்கத்தை விட நன்றாகவே மின்னும். நிழலுக்குக் கொண்டுபோங்கள். தங்கம் அங்கேயும் அதே மஞ்சளாக இருக்கும், காக்காப்பொன் மங்கிவிடும். ஊசியால் அழுத்தினால் தங்கம் நசுங்கும், காக்காப்பொன் ஏடு ஏடாகப் பிரியும், தங்கம்போலவே மஞ்சளாக மின்னும் இரும்புக் கனிமமான பைரைட் நொறுங்கும். தட்டில் ஆட்டும்போதே நீரோடு மிதந்து ஓடுவது காக்காப்பொன் என்று சந்தேகமில்லாமல் தள்ளிவிடலாம். பாதரசம், ஆசிட் பக்கம் போகவே வேண்டாம்.

ஆற்றைப் பார்க்கப் போகும்போது

அள்ள முடியாவிட்டாலும் படிக்கலாம். வளைவின் உள்பக்கம், பெரிய பாறையின் பின்புறம், படுகைப் பாறையின் வெடிப்பு, சரிவு குறைந்து வேகம் தளரும் இடம் ஆகியவற்றில்தான் கனமானவை தங்கும். வெள்ளம் வடிந்த பிறகு மணலில் கறுப்புக் கோடுகள் எங்கே படிந்திருக்கின்றன என்று பாருங்கள். தங்கம் உள்ள ஓடையிலும் அதே இடங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த இடங்களில் தண்ணீரில் கைவைக்காதீர்கள். பழைய மணல் குழிகள் மழைக்குப் பிறகு ஆழம் தெரியாமல் நிரம்பியிருக்கும். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் ஏன் இறங்கக் கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை. அமிர்தி, மோர்தானா பக்கம் காட்டு ஓடைகள் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும்.

பயிற்சி முடிந்ததும் ஈயத் துண்டுகளை எண்ணிக் குப்பியில் போடுங்கள். குறைந்தால் அந்த மணலைச் செடிக்குப் போடாமல் மறுபடி அரியுங்கள். டப்பில் படிந்த சேற்றைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் மட்டும் கொட்டிவிடாதீர்கள். குழாய் அடைத்துக்கொண்டால் பிளம்பருக்குக் கொடுக்கும் கூலிக்கு இன்னொரு தட்டே வாங்கியிருக்கலாம்.