ஒரு ஜிபி ரேமில் மைஎஸ்க்யூஎல் விழாமல் ஓட

கிருஷ்ணகிரியில் மாம்பழப் பெட்டி விற்கிற சின்னக் கடை ஒன்று, வேர்ட்பிரஸ் சைட், ஒரு ஜிபி ரேம் உள்ள விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) என்று வைத்துக்கொள்வோம். வருஷம் முழுக்க ஒழுங்காக ஓடும். சீசன் தொடங்கி ஆர்டர் குவிகிற நேரம் பார்த்து டேட்டாபேஸ் கனெக்‌ஷன் இல்லை என்று கையை விரிக்கும்.

உடனே மைஎஸ்க்யூஎல் (சைட்டின் டேட்டாபேஸ்) செட்டிங்கில் கை வைக்காதீர்கள். முதலில் கெர்னல் லாகில் (லினக்ஸ் எழுதிவைக்கும் பதிவு) 'அவுட் ஆஃப் மெமரி' என்று இருக்கிறதா பாருங்கள். ரேம் தீர்ந்துபோனால் லினக்ஸ் பெரும்பாலும் அதிக இடம் பிடித்திருக்கும் ப்ராசஸைத்தான் கொல்லும், அது மைஎஸ்க்யூஎல்லாக இருக்கும், ஆனால் ரேமைத் தின்றது வேர்ட்பிரஸை ஓட்டும் பிஎச்பியாக இருக்கலாம்.

அதனால் கணக்கை பிஎச்பியிலிருந்து தொடங்குங்கள். ஒரு ஒர்க்கர் (ஒரு நேரத்தில் ஒரு ரிக்வெஸ்டைக் கவனிக்கும் பிஎச்பி ப்ராசஸ்) 60 எம்பி பிடிக்கிறது என்றால் ஐந்து ஒர்க்கருக்கு 300. லினக்ஸ், வெப் சர்வரான இன்ஜின்எக்ஸ் எல்லாம் சேர்த்து 200 ஒதுக்குங்கள். மிச்சம் 500 சொச்சம், அதற்குள்தான் மைஎஸ்க்யூஎல் அடங்க வேண்டும். பிஎச்பி ஒர்க்கர் எண்ணிக்கையை 5 என்று கட்டாயம் பூட்டிவிடுங்கள், இது இல்லாமல் மற்றதெல்லாம் வீண்.

அப்புறம் பஃபர் பூல், அதாவது மைஎஸ்க்யூஎல் டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ளும் இடம். ரேமில் 70, 80 சதவீதம் கொடு என்று எங்கும் சொல்வார்கள். அது டேட்டாபேஸ் மட்டும் ஓடுகிற சர்வருக்கான கணக்கு, இங்கே பொருந்தாது. டீஃபால்ட் 128 எம்பியே சின்னக் கடைக்குப் போதும். இன்னொன்று, 192 என்று போட்டால் 192 கிடைக்காது, மைஎஸ்க்யூஎல் 8 அதை 128-ன் மடங்காக மேலே தள்ளி 256 ஆக்கிவிடும்.

மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் (ஒரே நேரத்தில் அனுமதிக்கும் இணைப்புகளின் உச்ச எண்ணிக்கை) டீஃபால்ட் 151. ஐந்து ஒர்க்கர் இருக்கிற இடத்தில் அவ்வளவு எதற்கு? 20 தாராளம். வரிசைப்படுத்தவும் டேபிள்களை இணைக்கவும் பயன்படும் சார்ட் பஃபர், ஜாயின் பஃபர் இரண்டும் கனெக்‌ஷனுக்குக் கனெக்‌ஷன் தனியாக எடுக்கிறவை, அவற்றைக் கூட்டவே கூட்டாதீர்கள்.

பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவை (மைஎஸ்க்யூஎல் தன் வேலையைத் தானே அளக்கும் கண்காணிப்பு) ஆஃப் செய்தால் நல்ல அளவு ரேம் மிஞ்சும், சின்ன சர்வரில் நான் முதலில் அணைப்பது இதைத்தான். மரியாடிபியில் (மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்த டேட்டாபேஸ்) அது ஏற்கெனவே ஆஃப்.

ஒரு ஜிபி ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடம்) வையுங்கள், திடீர் நெரிசலைத் தாங்கத்தான். நாள் முழுக்க ஸ்வாப்பில் படித்து எழுதிக்கொண்டே இருந்தால் கணக்கு எங்கோ இடிக்கிறது.

ரேம் நிலவரம் காட்டும் ஃப்ரீ கட்டளையில் 'ஃப்ரீ' நெடுவரிசையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சும்மா கிடக்கிற ரேமை லினக்ஸ் ஃபைல் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும். 'அவைலபிள்' நெடுவரிசைதான் முக்கியம்.

கடைசியாக, பழைய கட்டுரைகளில் இருக்கும் க்வெரி கேஷ் (க்வெரி முடிவுகளைச் சேமித்துவைக்கும் வசதி) வரிகளை அப்படியே ஒட்டாதீர்கள். மைஎஸ்க்யூஎல் 8-ல் அந்த வசதியே இல்லை, அந்த வரி இருந்தால் சர்வர் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் மைஎஸ்க்யூஎல்லை வேலிடேட் கான்ஃபிக் ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டுங்கள் (8.0.16 முதல் உண்டு), தப்பான வரியை அதுவே சொல்லிவிடும்.