வன்னியிலிருந்து போய் மலை மந்தி பார்ப்பது எப்படி?

வளவுக்குள் குரும்பட்டி பிடுங்கி எறிகிற குரங்கையும், குளக்கட்டு மருதில் இருக்கிற சாம்பல் மந்தியையும் பார்த்துப் பழகின எங்களுக்கு ஹோர்ட்டன் சமவெளி மந்தி லேசில் அகப்படாது. கூச்ச சுபாவம். 2,100 மீற்றர் உயரக் குளிரைத் தாங்க உடம்பு முழுக்க நீண்ட, அடர்ந்த மயிர். கரடிக் குரங்கு என்றும் சொல்வார்கள். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம்.

ஏ-9 வீதியில் கண்டி, அங்கிருந்து நுவரெலியா. இரவு தங்கி, விடிய முன்னம் வான் பிடித்து பட்டிப்பொல வழியாக ஏறுங்கள். தை, மாசியில் புல்லில் உறைபனி கிடக்கும். தடித்த ஒரு ஜக்கெற்றை நம்பாமல் மெல்லிய உடுப்பு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள்.

பைனாக்குலர் 8 மடங்கு பெருப்பிக்கிறது, முன்கண்ணாடி 42 மில்லிமீற்றர் அகலம், அது போதும். 10 மடங்கு வாங்காதீர்கள். குளிரில் கை நடுங்கினால் மந்தியும் சேர்ந்து நடுங்கும்.

மினக்கெடுத்துகிற இடம் இனித்தான். மூக்கு வரை மஃப்ளர் கட்டியிருப்பீர்கள். விடுகிற மூச்சு மேலே போய் பைனாக்குலரில் கண் வைக்கிற கண்ணாடியில் படியும். மந்தி இருந்த கிளை வெள்ளையாகிவிடும். தூக்க முன்னம் மஃப்ளரை நாடிக்குக் கீழே இறக்குங்கள். கண்ணை ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். வானுக்குள் திரும்பி ஏற முன்னமே பைக்குள் வைத்து மூடுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் வானுக்குள் இருக்கிற மூச்சுக்காற்றுப் பட்டால் திரும்பவும் படியும். சாரத்து முனையால் மட்டும் துடைக்காதீர்கள், பூச்சு கீறுப்படும்.

பிறகு கண்ணுக்கு முதல் காதைக் கொடுங்கள். உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்பை நோக்கி ஓடுகிற கூட்டத்தை விட்டுவிட்டு காட்டோரத்தில் பேசாமல் நில்லுங்கள். விடியப்புறம் ஆண் மந்தி கரகரத்த குரலில் குரைக்கும். பக்கத்துக் கூட்டம் பதில் கொடுக்கும். அந்தத் திசையில், வெயில் முதலில் விழுகிற மர உச்சிகளைப் பாருங்கள். குளிர் காய ஏறி வந்திருக்கும்: கடும் பழுப்பு உடம்பு, கறுத்த முகம், கன்னத்தில் வெளிறின தாடி.

பிற்சேர்க்கை: வாழைப்பழம் கொண்டுபோகலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கிற வயிறு அதுக்கு. இனிப்பான பழம் ஒத்துக்காது. பூங்காவில் தீன் போடுவதும் தடை. பொலித்தீன் பையையும் வாசலிலேயே வாங்கிவிடுவார்கள், சாப்பாட்டைப் பெட்டியில் கட்டுங்கள்.

வாகனத் தரிப்பிடத்தில் பை கிளறினது மந்தியா என்று கேட்டவருக்கு: இல்லை, அது செங்குரங்கு. தலைமயிர் தொப்பி மாதிரிப் பரவியிருந்ததா? அதுதான் அடையாளம்.