கம்ப்யூட்டர் ஃபேனுக்குக் கிரில் வேண்டுமா? எதற்கு வேண்டும், எப்படி மாட்டுவது?

எல்லா ஃபேனுக்கும் தேவையில்லை. பிளேடை விரலோ வயரோ எட்டித் தொட முடியுமா என்று மட்டும் பாருங்கள். கேபினெட்டின் முன்பக்க மெஷ்ஷுக்குப் பின்னால் இருக்கும் ஃபேனுக்கு அந்த மெஷ்ஷே காவல். ரேடியேட்டரோடு (தண்ணீர்க் கூலரின் சூடு தணிக்கும் பகுதி) ஒட்டி நிற்கும் முகத்துக்கும் வேண்டாம்.

விரல் பட்டால் சாதாரண 120 மிமீ ஃபேன் சுரீரென்று அடிக்கும், பெரும்பாலும் அதோடு சரி. வயர்தான் எனக்குக் கவலை. ஒரு வயர் நழுவி பிளேடில் சிக்கினால் ஃபேன் சத்தமில்லாமல் நின்றுவிடும், உள்ளே சூடு ஏறிக்கொண்டே இருக்கும், நமக்குத் தெரியவே தெரியாது.

1. அளவு. ஃபேன் அளவைச் சொன்னாலே கிரில் கிடைக்கும். சரிபார்க்க வேண்டுமானால் ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு இடையே அளந்து பாருங்கள்: 80 மிமீ ஃபேனுக்கு 71.5, 92க்கு 82.5, 120க்கு 105, 140க்கு 124.5 மிமீ.

2. எந்தப் பக்கம்? வழக்கமான ஃபேனில் பிளேடு திறந்து தெரியும் முகம் காற்றை இழுக்கும், குறுக்குச் சட்டங்கள் உள்ள முகம் வெளியே தள்ளும். பின்பக்க ஃபேன் காற்றை வெளியேற்றுவது, அதனால் அதன் திறந்த முகம் கேபினெட்டுக்கு உள்ளேதான் பார்த்திருக்கும். வெளியே கம்பெனிக்காரர்களே கிரில் வைத்திருப்பார்கள், நாமும் அதைப் பார்த்து நிம்மதியாகிவிடுவோம். ஆனால் ப்ராசஸருக்குப் போகும் பவர் வயர் பல கேபினெட்டுகளில் அந்த உள்முகத்தை ஒட்டித்தான் போகிறது. முதல் கிரில் அங்கே. மேல்பக்க ஃபேனும் காற்றை வெளியேற்றுவதாக இருந்தால் அதற்கும் இதே கதைதான்.

3. மாட்டுவது. பவரை அணைத்து ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இதில் கவனிக்க வேண்டியது கிரில்லின் முகம். கம்பி கிரில் தட்டையாகத் தெரிந்தாலும் அப்படி இல்லை, ஸ்க்ரூ போகும் மூலைக் காதுகள் ஒரு மட்டத்திலும் வளையங்கள் சற்று உயர்ந்தும் இருக்கும். உயர்ந்த பக்கம் பிளேடை விட்டு விலகி வெளியே பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் கம்பி பிளேடை உரசும், உரசாவிட்டாலும் அவ்வளவு நெருக்கத்தில் இரைச்சல் கூடும். நான்கு ஸ்க்ரூவையும் குறுக்கு மூலைகளாக, முதலில் பாதி வரை முடுக்குங்கள். ஃபேன் சட்டம் பிளாஸ்டிக், ஸ்க்ரூ தானே புரி வெட்டிக்கொண்டு போகும், எனவே கடைசியில் பலம் காட்ட வேண்டாம். அப்புறம் பிளேடை விரலால் சுற்றிப் பாருங்கள். 'கிர்ர்' என்று வந்தால் கழற்றித் திருப்புங்கள்.

நான் வளையக் கம்பி கிரில்லைத்தான் சொல்வேன். தகட்டில் ஓட்டை போட்ட வகை காற்றை அதிகம் மறிக்கிறது, சத்தமும் கூடுதல். பழைய கேபினெட்டில் அந்தத் தகட்டை வெட்டியெடுத்துவிட்டுக் கம்பி கிரில் போடலாம், நல்ல மாற்றம். ஆனால் வெட்டும் முன் மதர்போர்டை வெளியே எடுத்தே ஆக வேண்டும், ஒரு இரும்புத் துகள் போதும் ஷார்ட் ஆக.

எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டருக்குப் பவர் கொடுக்கும் பெட்டி) இருக்கும் கிரில்லை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். உள்ளே கெபாசிட்டர்களில் ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும்.

பிற்சேர்க்கை: பழைய சர்வர் ஃபேனை வாங்கி மாட்டலாமா என்று சிலர் கேட்டார்கள். 38 மிமீ தடிமனில் வரும் அவற்றில் சில நிமிடத்துக்கு 10,000 சுற்றையும் தாண்டும், விரலைக் கிழித்துவிடும். அதற்கு இரண்டு முகத்திலும் கிரில் போட்ட பிறகுதான் சோதித்துப் பார்க்கக்கூடப் பவர் கொடுக்க வேண்டும்.